காரில் ஆண்ட்ராய்டு செட்டும் டேஷ்கேமும் மாட்டிய பிறகு நாகர்கோவில் எஃப்எம் 101.0 சரியாகப் பிடிக்கவில்லை: எங்கிருந்து பார்ப்பது?

இரணியல் ரோடு

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2014 போலோ. கம்பெனி செட்டைக் கழற்றிவிட்டு 9 இஞ்ச் ஆண்ட்ராய்டு செட் போட்டாச்சு. கையோடு முன் கண்ணாடியில் டேஷ்கேமும் மாட்டினார்கள், அதற்குக் கரன்ட் லைட்டர் சாக்கெட்டில் இருந்து. பாட்டு, புளூடூத், ரிவர்ஸ் கேமரா எல்லாம் அருமை. ரேடியோ மட்டும் போச்சு.

நாகர்கோவில் டவுனுக்குள் 101.0 வருது, ஆனா பேச்சு பிசிறடிக்குது, "ச", "ஸ" வரும் இடமெல்லாம் கிழியுது. தக்கலை தாண்டினால் சுத்தமா இல்லை. ஆனால் களியக்காவிளைப் பக்கம் போனால் திருவனந்தபுரம் 101.9 தெளிவா வருது. டேஷ்கேம் ஓடும்போது இதுக்கு மேலே ஒரு "ஸ்ஸ்ஸ்" வேற. மீடியம் வேவில் திருநெல்வேலி 1197 இருந்த இடமே தெரியல.

மாட்டிய கடையில் கேட்டால் "ஆண்ட்ராய்டு செட்னா ரேடியோ அப்படித்தான், இன்டர்நெட்டில் கேளுங்க" என்கிறார்கள். ஆன்டெனாவை மாத்தணுமா, செட்டை மாத்தணுமா?

வேளிமலை

இப்போதைக்கு இரண்டையும் மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்வதில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் கலந்து கிடக்கின்றன. ஒரே நாளில் இரண்டு சாமான் மாட்டியதால் ஒரே வியாதி போலத் தெரிகிறது.

கார் ரேடியோ கெட்டுப்போனால் முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்: சிக்னல் செட்டுக்கு வந்து சேரவில்லையா, அல்லது வந்த சிக்னலை இரைச்சல் மூடுகிறதா? முதலாவது ஆன்டெனா பக்கத்துக் கோளாறு. இரண்டாவது, புதிதாக மாட்டிய ஏதோ ஒன்று கக்கும் இரைச்சல். ஆன்டெனா பக்கம் பழுதை வைத்துக்கொண்டு டேஷ்கேம் வயரில் ஃபெரைட் (வயரில் வரும் இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் உருளை) மாட்டினால் காசுதான் போகும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டேஷ்கேம் பிளக்கைப் பிடுங்குங்கள். ரிவர்ஸ் கேமரா, மொபைல் சார்ஜர், ஜிபிஎஸ் டிராக்கர், எல்இடி பல்பு என்று வேறு எது இருந்தாலும் அணையுங்கள். இன்ஜினை நிறுத்தி, சாவியை ஏசிசியில் (இன்ஜின் ஓடாமலே ரேடியோவுக்குக் கரன்ட் வரும் நிலை) வைத்து ரேடியோவை மட்டும் ஓட்டுங்கள். இப்போதும் தக்கலையில் 101.0 வரவில்லையென்றால் அது ஆன்டெனா பக்கம் அல்லது செட்டின் அமைப்பு. வந்துவிட்டால் இரைச்சல்.

இந்தச் சோதனையைக் கோணம் என்ற இடத்தில் உள்ள 101.0 நிலையத்துக்குப் பக்கத்தில் நின்று செய்யாதீர்கள். அங்கே ஆன்டெனா பிளக்கைப் பாதி இழுத்துவிட்டாலும் பாடும். சிக்னல் நடுத்தரமாக உள்ள இடம் வேண்டும், உங்களுக்குத் தக்கலையே சரி. மேம்பாலத்துக்கு அடியிலும் மலை மறைவிலும் நிறுத்த வேண்டாம்.

முட்டம் காற்று

பேட்டரி லைனில் 2200 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒண்ணு குறுக்கே போட்டால் இரைச்சல் போயிரும். எல்லா ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையிலயும் கெடைக்கும்.

பன்னிரண்டு வோல்ட்

மக்கா, அது ஆல்டர்னேட்டர் விசிலுக்குச் சொல்லுகது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல "ங்ஙீ"ன்னு ஏறும் பாரு, அதுக்கு அந்தக் கெப்பாசிட்டர் கொஞ்சம் உதவும். இவர் சொல்லுகது 100 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து இரைச்சல். அந்த அலைவரிசையில பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரோட கால் ரெண்டுமே காயிலா மாறிரும், கெப்பாசிட்டர் வேலையே செய்யாது. எஃப்எம்முக்குன்னா 1 நானோஃபாரட் செராமிக், கால் எவ்வளவு குட்டையோ அவ்வளவு குட்டையா. அதுவும் ஃபெரைட்டுக்குத் துணைதான், தனியா நின்னு ஜெயிக்காது.

ரெண்டையும் பிரிக்க லேசான வழி: செட்டை புளூடூத்துக்கு மாத்துங்க. விசில் அப்பவும் கேட்டா அது ரேடியோ கோளாறே இல்ல, எர்த் கோளாறு. புளூடூத்ல சுத்தமா இருந்து எஃப்எம்ல மட்டும் வந்தா அலைவரிசை இரைச்சல்.

இரணியல் ரோடு அண்ணே, உங்க 101.0 பிசிறுக்கு வேற ஒரு சந்தேகம் இருக்கு. டவுனுக்குள்ள சிக்னல் பலமா இருந்தும் கிழியுதுன்னு சொன்னீங்க. செட்ல ரேடியோவைத் திறந்து ஒவ்வொரு படியா ஏத்திப் பாருங்க. திரையில 100.9க்கு அடுத்து 101.1னு தாவுதா?

இரணியல் ரோடு

ஆமா! 100.7, 100.9, 101.1, 101.3. 101.0ன்னு ஒரு எண்ணே வரல. சீக் அமுக்கினா சில நேரம் 100.9ல நிக்குது, சில நேரம் 101.1ல.

பன்னிரண்டு வோல்ட்

ஒண்ணு ஆப்ட்டாச்சு. செட்ல ரேடியோ ஏரியா அமெரிக்காவில கெடக்கு.

அமெரிக்காவில எஃப்எம் நிலையங்கள் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில, ஒற்றைப்படைப் புள்ளியில மட்டும் இருக்கும்: 87.9, 88.1, 88.3 இப்படி. நம்ம 101.0 அந்தப் படிக்கட்டுல ரெண்டு படிக்கு நடுவுல விழுது. 101.9 ஒற்றைப்படை, அதனால அது மட்டும் சரியா உக்காருது. உங்களுக்குத் திருவனந்தபுரம் தெளிவா வந்து நாகர்கோவில் கிழியுறதுக்குக் காரணம் இதுதான். எஃப்எம்ல ஒலி ஏறி இறங்கும்போது அலைவரிசை ரெண்டு பக்கமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் அசையும். நீங்க 100 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிக்கீங்க. மெல்லிசா பேசினா ஒப்பேறும், குரல் உயர்ந்தா ட்யூனரோட விளிம்பைத் தாண்டிக் கிழியும்.

செட்டிங்ஸ், ஃபேக்டரி செட்டிங்ஸ், ரேடியோ, ஏரியா. அங்க யூரோப் வையுங்க. பாஸ்வேர்டு கேக்கும். செட்டுக்குச் செட்டு மாறும், 8888, 126 ரெண்டும் பல செட்ல திறக்கும். திறக்கலன்னா வித்தவர்கிட்ட கேளுங்க. உள்ள போனா ரேடியோ பக்கத்தைத் தவிர வேற எதையும் தொடாதீங்க. கேன்பஸ் (செட்டும் வண்டியும் பேசிக்கிற இணைப்பு), ஸ்கிரீன் வகை எதையாவது மாத்தினா ஸ்டியரிங் பட்டன் போகும், சில செட்ல திரையே இருட்டாயிரும்.

ஜப்பான்னு வச்சிராதீங்க, சில செட்ல அந்த அலைவரிசை 76ல இருந்து 90 வரைதான். ஓஐஆர்டின்னு ஒண்ணு இருக்கும், அது 65 முதல் 74. ரெண்டுலயும் நமக்கு ஒண்ணும் இல்ல. மாத்தின பெறவு பழைய மெமரி எல்லாத்தையும் அழிச்சுட்டு முழுசா ஒரு ஸ்கேன் விடுங்க. "லோக்"ன்னு ஒரு பட்டன் எரிஞ்சு கெடந்தா அணைச்சிருங்க. அது எரிஞ்சா சீக் பலமான நிலையத்துல மட்டும்தான் நிக்கும்.

வேளிமலை

மீடியம் வேவுக்கும் அதேதான். அமெரிக்க அமைப்பில் 10 கிலோஹெர்ட்ஸ் படி: 1190, அடுத்து 1200. இந்தியாவில் 9 கிலோஹெர்ட்ஸ் படி, 1197 அதில்தான் வரும். யூரோப் வைத்தால் அதுவும் திருந்தும். ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மலிவு ஆண்ட்ராய்டு செட்களில் மீடியம் வேவ் பெயருக்குத்தான். செட்டின் உள்ளே உள்ள பவர் சர்க்யூட்டே அந்த அலைவரிசையில் கத்தும், வெளியே எதை மாட்டியும் அதை அடக்க முடியாது.

இரணியல் ரோடு

யூரோப் வைத்தேன், 126ல் திறந்தது. இப்ப 101.0 திரையில் வருது, டவுனுக்குள் பளிச்சென்று கேக்குது. டேஷ்கேமைப் பிடுங்கிவிட்டுத் தக்கலையில் பார்த்தேன்: லேசா முணுமுணுக்குது, அவ்வளவுதான். பழைய செட்டில் மார்த்தாண்டம் தாண்டியும் சுத்தமா கேட்டுக்கொண்டே போகலாம்.

வேளிமலை

அப்படியானால் அடுத்தது ஆன்டெனா பூஸ்டர். போலோவில் கூரையில் இருக்கும் குட்டைக் கம்பிக்கு அடியில், அந்தக் குமிழுக்குள்ளேயே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. 101 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 2.97 மீட்டர். கால் அலைக் கம்பி என்றால் ஏறக்குறைய 74 சென்டிமீட்டர் வேண்டும். கூரையில் அதில் பாதிகூட இல்லாத கம்பியை வைத்து, குறையை ஆம்ப்ளிஃபயரால் ஈடுகட்டுகிறார்கள்.

அந்த ஆம்ப்ளிஃபயருக்கு 12 வோல்ட் எங்கிருந்து போகிறது என்பதுதான் விஷயம். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளில் தனி வயர் கிடையாது. கம்பெனி செட் ஆன்டெனா கேபிளின் நடுக்கம்பி வழியாகவே கரன்டை மேலே அனுப்பும், சிக்னல் அதே கம்பியில் கீழே இறங்கும். இதற்குப் பாண்டம் பவர் என்று பெயர். வெளிச்செட்டுக்கு அப்படி அனுப்பத் தெரியாது. கம்பெனி செட்டைக் கழற்றியதுமே ஆம்ப்ளிஃபயர் செத்த மாதிரிதான். செத்த ஆம்ப்ளிஃபயர் சும்மா இருக்காது, சிக்னலுக்கு அதுவே தடையாகிவிடும். ஆன்டெனாவே இல்லாத வண்டி போல நடந்துகொள்ளும்.

கடையில் என்ன செய்திருப்பார்கள் என்றால், செட்டோடு வந்த வெறும் ஃபக்ரா (கம்பெனி ஆன்டெனா கேபிள் முனையில் உள்ள பிளக் வகை) அடாப்டரை மாட்டியிருப்பார்கள். பிளக் பொருந்தும், கரன்ட் போகாது. உங்களுக்கு வேண்டியது பாண்டம் பவர் உள்ள ஃபக்ரா அடாப்டர். பார்த்தால் தெரியும்: ஒரு முனையில் ஃபக்ரா, மறுமுனையில் செட்டுக்குப் போகும் வழக்கமான ஆன்டெனா பிளக், நடுவில் சின்னக் குமிழ், அதிலிருந்து மெல்லிய ஒற்றை வயர் ஒன்று தொங்கும். அந்தக் குமிழுக்குள் ஒரு காயில், ஒரு கெப்பாசிட்டர். கரன்ட் ஆன்டெனா பக்கம் மட்டும் போகும், செட்டின் ட்யூனருக்குள் ஏறாது. வண்டியில் இருந்து இரண்டு ஃபக்ரா வந்தால் இரட்டை அடாப்டர் என்று கேட்டு வாங்குங்கள். ஒன்றை மட்டும் மாட்டி மற்றதைத் தொங்கவிட்டால் பாதி வேலைதான் ஆகும்.

பன்னிரண்டு வோல்ட்

அந்த ஒற்றை வயரை எங்க சேர்க்கணும்ங்கிறதுலதான் பல பேரு கோட்டை விடுகா.

செட்டுக்குப் பின்னால நீல வயர் ஒண்ணு வரும், "ஆன்ட்" அல்லது "ஆன்ட் கன்ட்ரோல்"னு சீட்டு ஒட்டியிருக்கும். ஐஎஸ்ஓ கப்ளர்னா (செட்டுக்குப் பின்னால மாட்டுற பொதுவான வயர் பிளக்) ஏ5 பின். செட் ஆன் ஆனா அதுல 12 வோல்ட் வரும், அணைஞ்சா போயிரும். அதுலதான் சேர்க்கணும். சில செட்ல நீலமும் நீல-வெள்ளையும் ரெண்டும் இருக்கும். நீலம் ஆன்டெனாவுக்கு, நீல-வெள்ளை வெளி ஆம்ப்ளிஃபயருக்கு. நீலத்துல ரேடியோ ஓடும்போது மட்டும் வோல்ட் வர செட்டும் உண்டு, ஆன்டெனா பூஸ்டருக்கு அது போதும்.

மஞ்சள்ல சேர்க்காதீங்க, அது ஏ4, எப்பவும் பேட்டரி. பூஸ்டர் ராவும் பகலும் குடிச்சுகிட்டே கெடக்கும். வண்டி வாரக்கணக்குல நின்னா காலையில செல்ஃப் எடுக்காது. சிவப்பு ஏசிசியில, ஏ7ல, சேர்த்தா ஓடும், ஆனா நீலம் இருக்கும்போது அது எதுக்கு?

முறுக்கி டேப் சுத்தாதீங்க. சால்டர் வச்சு ஹீட் ஷ்ரிங்க் போடுங்க, இல்ல நல்ல கிரிம்ப் போடுங்க. செட்டுக்குப் பின்னால சூடு, டேப் பசை உருகி ஒரு வெயில் காலத்துல கழண்டு வந்துரும்.

மாட்டிட்டு மீட்டர் வச்சுப் பாக்கணும். ஃபக்ராவைக் கூரைக் கேபிள்ல இருந்து கழட்டி, செட்டை ரேடியோவில வச்சு, கருப்பு முனையை ஃபக்ரா ஓட்டுல, சிவப்பை நடு முள்ளுல. 12 வோல்ட் கிட்ட காட்டணும். நடு முள்ளும் வெளி ஓடும் மீட்டர் முனையால ஒண்ணோடொண்ணு உரசிரக் கூடாது. நீல வயர் தாங்குறது சின்னக் கரன்ட்தான், செட்டுக்குள்ள அந்த லைன் போச்சுன்னா திரும்ப வராது. பயமா இருந்தா நீல வயர்ல அரை ஆம்பியர் ஃப்யூஸ் ஒண்ணு போட்டுக்கிடுங்க.

வோல்ட் இருந்தும் ரேடியோ வரலியா? மீட்டரை மில்லி ஆம்பியர்ல வச்சு நீல வயருக்கும் அடாப்டர் வயருக்கும் நடுவுல தொடராகக் கொடுங்க. சில பத்து மில்லி ஆம்பியர் காட்டினா பூஸ்டருக்கு உயிர் இருக்கு. பூஜ்யம்னா கேபிள் எங்கயோ அறுந்திருக்கு, இல்ல குமிழுக்குள்ள பூஸ்டர் செத்திருக்கு. நூத்துக்கணக்குல ஏறுச்சுன்னா உடனே எடுங்க, ஷார்ட்.

குளச்சல் கரை

நம்ம பக்கம் அந்தக் குமிழைக் கழட்டிப் பார்ப்பது ரொம்ப முக்கியம். குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் என்று கடலோரம் நிற்கும் வண்டிகளில் ஆன்டெனா அடியில் பச்சைக் களிம்பு ஏறிக் கிடக்கும். கம்பி திருகும் இடத்தில் உப்புக் காற்று, ரப்பர் வெடித்த இடத்தில் மழைத் தண்ணீர்.

கம்பியைக் கழட்டி, திருகில் பச்சையோ வெள்ளைப் பொடியோ இருந்தால் பழைய டூத் பிரஷ்ஷும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயும் போதும். உப்புத்தாளை அழுத்தித் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போனால் அடுத்த மழையில் இன்னும் வேகமாக அரிக்கும். கூரையும் குமிழும் சேரும் இடத்தில் எர்த் சரியாகத் தொட வேண்டும். அங்கே துரு இருந்தால் பூஸ்டருக்குத் திரும்பும் பாதை கெடும், வெயிலில் நல்லா வந்து மழையில் போகும். கூரைத் துணியில் பின்பக்கம் ஈரக்கறை இருந்தால் ரப்பர் போயாச்சு என்று அர்த்தம். ரப்பரை மட்டும் மாற்றலாம், குமிழை முழுசா மாற்ற வேண்டியதில்லை.

பூஸ்டர் இல்லாத பழைய கம்பி ஆன்டெனா என்றால் மீட்டரில் லேசாகப் பார்க்கலாம். கம்பி நுனிக்கும் பிளக்கின் நடு முள்ளுக்கும் தொடர்ச்சி இருக்கணும். நடு முள்ளுக்கும் பிளக் ஓட்டுக்கும் தொடர்ச்சி இருக்கவே கூடாது. ஓட்டுக்கும் வண்டி பாடிக்கும் 1 ஓமுக்குள் காட்டணும். பூஸ்டர் உள்ள ஆன்டெனாவில் இந்த ஓம் கணக்கு செல்லாது, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஆரல்வாய்மொழி

இடையில் ஒரு கேள்வி. கம்பி ஆன்டெனாவை எடுத்துவிட்டு ஆன்லைனில் வாங்கிய சுறா செதில் ஆன்டெனா ஒட்டினேன். அதன் பிறகு ரேடியோ பாதிதான். பிளக் எதையும் தொடவில்லை.

பன்னிரண்டு வோல்ட்

கழட்டிப் பாருங்க, உள்ள என்ன இருக்குன்னு. பாதிக்கு மேல ரெட்டை ஒட்டு டேப்பும் காத்தும்தான். மிச்சத்துல ஒரு சின்ன ஸ்பிரிங்கு, பழைய திருகு ஓட்டையில மாட்டுற மாதிரி. ஏழு சென்டிமீட்டர் உயரத்துல எஃப்எம் சும்மா வந்துருமா? கம்பெனியே போடுற செதில்ல பூஸ்டரும் அதுக்கேத்த சர்க்யூட்டும் இருக்கும். ஒட்டுச் செதில்ல அதெல்லாம் கெடையாது.

பழைய கம்பியைத் திரும்ப மாட்டுங்க. தொலைஞ்சு போச்சுன்னா திருகு எம்5ஆ எம்6ஆன்னு அளந்துட்டு வாங்குங்க, தப்பான திருகை வச்சு முறுக்கினா அடியில உள்ள மரை போயிரும். நீளம் 30, 40 சென்டிமீட்டர்ல எடுங்க. அழகுக்குன்னு விக்கிற பத்து சென்டிமீட்டர் குட்டைக் கம்பி வேண்டாம்.

குழித்துறை ஆறு

ஆன்டெனா பிளக்குக்கும் செட்டுக்கும் நடுவே போடுகிற பூஸ்டர் என்று ஒன்று விற்கிறதே, அதைப் போட்டால் இந்த வேலையெல்லாம் மிச்சம் இல்லையா?

வேளிமலை

மிச்சம் இல்லை. அந்தப் பூஸ்டர் கேபிளின் கீழ் முனையில் உட்கார்ந்திருக்கிறது. மேலே ஆம்ப்ளிஃபயர் செத்துக் கிடந்தால் கீழே பெருக்குவதற்குச் சிக்னலே இல்லை, இரைச்சல்தான் பெருகும். மேலே உள்ளது வேலை செய்தாலோ இரண்டு பெருக்கிகள் வரிசையில் வந்து, நிலையத்துக்கு அருகே ட்யூனர் திணறும். களியக்காவிளைப் பக்கம் 101.0ம் 101.9ம் 0.9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. ஒன்று மிகப் பலமாகப் போனால் மற்றதன் மேல் ஏறும். தேவையில்லாத பூஸ்டர் வரவேற்பைக் கெடுப்பதுதான் அதிகம்.

இரணியல் ரோடு

செட்டை வெளியே இழுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே வெறும் அடாப்டர்தான். நீல வயர் முனையை டேப் சுத்திச் சுருட்டி வைத்திருந்தார்கள். பாண்டம் பவர் அடாப்டர் வாங்கி நீலத்தில் சால்டர் வைத்தாச்சு. ஃபக்ரா முனையில் 12.2 வோல்ட். தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை வரை 101.0 பழையபடி வருது.

இனி டேஷ்கேம். அதை ஆன் பண்ணினால் டவுனில் ஒன்றும் தெரியல, மார்த்தாண்டத்தில் நிலையம் பாதி மூடிப்போகுது. 101.0 மட்டுமில்லை, எஃப்எம் முழுக்கவே இரையுது.

வேளிமலை

டேஷ்கேமில் இரைச்சல் எழும்பும் இடம் இரண்டு. ஒன்று, லைட்டர் சாக்கெட்டில் செருகும் அடாப்டர். 12 வோல்ட்டை 5 வோல்ட் ஆக்க உள்ளே நொடிக்கு லட்சக்கணக்கான முறை கரன்டை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த வெட்டின் மிச்சம் மீதி எஃப்எம் வரை ஏறும். இன்னொன்று கேமராவே. உள்ளே சென்சார், மெமரி எல்லாம் வேகமான கடிகாரத் துடிப்பில் ஓடுகின்றன. இவை இரண்டையும்விடப் பெரிய குற்றவாளி நடுவே ஓடும் வயர். டேஷ்கேம் வயர் பொதுவாக மூன்று, மூன்றரை மீட்டர் இருக்கும். 101 மெகாஹெர்ட்ஸில் அலை நீளமும் மூன்று மீட்டர்தான் என்று மேலே சொன்னேன். அந்த வயர் இரைச்சலை ஊருக்கே ஒலிபரப்புவதற்குத் தோதான ஆன்டெனாவாகி விடுகிறது.

எது என்று கண்டுபிடிக்கப் பவர் பேங்க் போதும். அதே வயரை லைட்டர் அடாப்டரில் இருந்து எடுத்துப் பவர் பேங்கில் செருகுங்கள். வயரும் அடாப்டரும் ஒன்றாக வார்த்திருந்தால் வேறு யூஎஸ்பி வயரால் கேமராவுக்குக் கொடுங்கள். மார்த்தாண்டத்தில் நின்று கேளுங்கள். இரைச்சல் முழுதாகப் போனால் அடாப்டர்தான். அப்படியே இருந்தால் கேமரா. குறைந்து கொஞ்சம் மிஞ்சினால் இரண்டும்.

குளச்சல் கரை

பழைய பாக்கெட் எஃப்எம் ரேடியோ கையில் இருந்தால் இன்னும் வசதி. பலவீனமான நிலையம் ஒன்றில் வைத்து, டேஷ்கேம் வயர் போகும் வழி நெடுக மெதுவாக நகர்த்துங்கள். எங்கே நிலையம் முழுகுதோ அங்கேதான் கக்குது. வண்டிச் செட்டை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் செட்டின் சொந்த இரைச்சலும் சேர்ந்து குழப்பும்.

இரணியல் ரோடு

பவர் பேங்கில் போட்டால் முக்கால்வாசி குறையுது, கொஞ்சம் மிஞ்சுது. கேமராவைக் கண்ணாடியில் இருந்து எடுத்துப் பின் சீட்டுப் பக்கம் கொண்டு போனால் கூடுது!

பன்னிரண்டு வோல்ட்

கூடத்தான் செய்யும், உங்க ஆன்டெனா கூரையோட பின்பக்கம்தானே. அப்ப கேமரா முன்கண்ணாடியில இருக்கிறது நல்லதுக்கே. முன்பக்கக் கூரையிலயோ முன்கண்ணாடித் தூண்லயோ ஆன்டெனா உள்ள வண்டிக்காரங்க இதைக் கவனிங்க: கேமராவை ஆன்டெனா அடியில இருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்க.

இனி இப்படிச் செய்யுங்க. மொதல்ல அடாப்டரை மாத்துங்க. கையில எடுத்தா கனம் தெரியணும். காத்து மாதிரி இருக்கிறதுல வடிகட்டும் காயிலே இருக்காது. லைட்டர் சாக்கெட் வேண்டாம்னா ஹார்ட்வயர் கிட் (ஃப்யூஸ் பெட்டியில இருந்து நேரா கரன்ட் எடுக்கிறது) போடலாம்: மஞ்சள் பேட்டரி, சிவப்பு ஏசிசி, கருப்பு எர்த். அதுக்குள்ளயும் இதே 5 வோல்ட் சர்க்யூட்தான், கிட் போட்டதால மட்டும் இரைச்சல் போகாது. ஃப்யூஸ் பெட்டியில ஆட்-எ-ஃப்யூஸ் (இருக்கிற ஃப்யூஸ் இடத்துலயே இன்னொரு லைன் எடுக்கிற கப்ளர்) வச்சு 2 அல்லது 3 ஆம்பியர் போடுங்க. ஏர்பேக், ஏபிஎஸ் ஃப்யூஸ்ல கை வைக்காதீங்க. கருப்பைப் பக்கத்துல உள்ள பாடி போல்ட்ல, பெயின்ட் சுரண்டி, வளையத் தகடு போட்டு முடுக்குங்க. பிளாஸ்டிக் தகடு பிடிக்கிற ஸ்குரூவில சுத்தி வச்சா அது எர்த்தே கெடையாது.

ரெண்டாவது ஃபெரைட். கிளிப் மாதிரி மூடுறது, உள் ஓட்டை 7 முதல் 9 மில்லிமீட்டர். வயர் ஒரு தடவை நேரா போனா கொஞ்சம்தான் தடுக்கும். ரெண்டு மூணு சுத்து சுத்தி மூடுனா தடை பல மடங்கு ஏறும், அதுக்குத்தான் பெரிய ஓட்டை. அதுக்கு மேல சுத்தாதீங்க, சுத்துக்குச் சுத்து ஒட்டிக்கிட்டு 100 மெகாஹெர்ட்ஸ் தாவிப் போயிரும். ஒண்ணு கேமரா முனையில, ரெண்டு மூணு சென்டிமீட்டருக்குள்ள. இன்னொண்ணு அடாப்டர் முனையில. நடுவுல எங்கயாவது மாட்டுறது வெறும் அலங்காரம். வகை கேட்டு வாங்குற இடம்னா 31 அல்லது 43 மிக்ஸ் (ஃபெரைட் கலவையோட எண்), ரெண்டும் எஃப்எம்முக்குத் தோது. 61 இதுக்கு ஆகாது, அது 200 மெகாஹெர்ட்ஸ்க்கு மேல.

காசு செலவழிக்க மனசில்லையா? பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் கேபிள் முனையில ஒரு குமிழ் இருக்கும் பாருங்க, அது ஃபெரைட்தான். பிளாஸ்டிக்கை அறுத்து எடுத்தா உருளை கெடைக்கும். கிளிப் இல்ல, பிளக் அதுக்குள்ள நுழையணும். மினி யூஎஸ்பி பிளக் நுழையும்.

வேளிமலை

வயர் போகும் வழியையும் சொல்லிவிடுகிறேன். ஆன்டெனா கேபிள் கூரையில் இருந்து எந்தத் தூண் வழியாக இறங்குகிறது என்று முதலில் பாருங்கள், ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் விலக்கினாலே தெரியும். டேஷ்கேம் வயரை அதற்கு எதிர்ப்பக்கத் தூணில் இறக்குங்கள். இரண்டும் சந்தித்தே ஆக வேண்டிய இடத்தில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கட்டும், பக்கத்தில் பக்கத்தில் ஓடக் கூடாது. மீதி வயரைச் சுருட்டிச் செட்டுக்குப் பின்னால் திணிப்பதுதான் எல்லாக் கடைகளிலும் செய்வது. அங்கேதான் ஆன்டெனா பிளக் இருக்கிறது, அதைவிட மோசமான இடம் வண்டியில் கிடையாது. மீதியை கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் வையுங்கள்.

பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிகளில் தூண் கவருக்குள் வயரை ஏர்பேக்குக்குப் பின்னால் கொண்டு போக வேண்டும். முன்னால் போட்டால் விரியும்போது வயர் குறுக்கே நிற்கும்.

வில்லுக்குறி

நானும் இதே மாதிரி ஒன்றில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஆல்டோ, வெளிச்செட் கிடையாது, டேஷ்கேமும் கிடையாது. எல்இடி ஹெட்லைட் பல்பு போட்ட பிறகு லைட் போட்டால் ரேடியோ போகிறது.

பன்னிரண்டு வோல்ட்

எல்இடி பல்புக்குப் பின்னால டிரைவர் பெட்டி இருக்கே, அதுவும் கரன்டை வெட்டி விடுற அதே சாதிதான். லைட் எரியும்போது ஒரு பக்கத்துக் கப்ளரைக் கழட்டிக் கேளுங்க, அப்புறம் மறுபக்கம். ஒண்ணுதான் கத்துதுன்னா அந்த ஒண்ணை மாத்தினா போதும். ரெண்டும்னா டிரைவர் பெட்டிக்கு ஒட்டினாப்புல ரெண்டு பக்க வயர்லயும் ஃபெரைட். பிளஸ், மைனஸ் ரெண்டு வயரையும் சேர்த்து ஒரே ஃபெரைட்டுக்குள்ள விடணும், தனித்தனியா விட்டா கரன்ட் ஓட்டத்துலயே ஃபெரைட் நிறைஞ்சு பயன் கொறைஞ்சிரும். பெட்டி தனியா இல்லாம பல்பு அடியிலயே டிரைவர் இருக்கிற வகைன்னா ஃபெரைட் மாட்ட இடமே இல்ல. 60/55 வாட் ஹாலஜனுக்கே திரும்பிருங்க. எதிர்ல வாரவன் கண்ணும் பொழைக்கும்.

இரணியல் ரோடு

அடாப்டர் மாத்தியாச்சு. கேமரா முனையில் மூன்று சுத்து, அடாப்டர் முனையில் இரண்டு சுத்து. முன்பு வயர் ஆன்டெனா கேபிளோடு ஒரே டையில் கட்டியிருந்தது, அதைப் பிரித்து இடது தூணுக்கு மாத்தினேன். மார்த்தாண்டத்தில் கேமரா ஓடும்போதும் ஓடாதபோதும் வித்தியாசம் தெரியல. குலசேகரம் தாண்டி மலைப்பக்கம் போனால் மட்டும் லேசா ஒரு இரைச்சல் ஏறுது.

மீடியம் வேவ் 1197 வருது, ஆனா கேட்கிற மாதிரி இல்லை. அதை விட்டாச்சு.

வேளிமலை

மலைப்பக்கத்தில் மிஞ்சுவது கேமரா உடம்பில் இருந்து நேராக வருவது, வயரில் மாட்டிய ஃபெரைட் அதைப் பிடிக்காது. கேமரா மெனுவில் வைஃபை, திரை இரண்டையும் அணைத்துப் பாருங்கள், திரை அணைந்தால் சில கேமராக்களில் இன்னும் குறையும். அதற்கு மேல் வேண்டுமானால் கேமராவைத்தான் மாற்ற வேண்டும், குலசேகரத்துக்காக அது தேவையா என்பது உங்கள் விருப்பம்.

இரணியல் ரோடு

திரையை ஒரு நிமிஷத்தில் அணையும்படி வைத்தேன், குறைஞ்சிருக்கு. ஒரே ஒரு சந்தேகம்: பேட்டரி கழட்டி மாட்டினால் அந்த ஏரியா திரும்ப அமெரிக்காவுக்குப் போகுமா?

பன்னிரண்டு வோல்ட்

பேட்டரி கழட்டினா பெரும்பாலும் போகாது, மெமரி நிலையங்கள் மட்டும் சில செட்ல அழியும். ஃபேக்டரி ரீசெட் அடிச்சாலோ சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாலோ போகும். அப்ப 101.0 திரையில வரலன்னா வேற எங்கயும் தேடாதீங்க, மறுபடி 126 அடிச்சு உள்ள போங்க.